பிஸ்டன் பூட்டும் வேலைக்கு அளவுச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்ஜினை இறக்கிப் பிரித்து மீண்டும் கட்டித் தரும் பட்டறைகள், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனையும், அதைக் கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் பூட்டும்போது எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழின் வழியாக முன்வைக்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும், அண்மையில் நேரில் கண்ட ஓர் இழப்பின் காரணமாகவும் இதை எழுதுகிறேன்.

என் உறவினர் ஒருவர் தம்முடைய மாருதி 800 காருக்கு ஒரு பட்டறையில் போர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), புது பிஸ்டனும், அதைச் சுற்றி மாட்டும் வாய் பிளந்த வளையமான ரிங்கும் போட்டார். மூன்று மாதத்துக்குள் சைலன்சரில் நீலப் புகை வந்தது. ஏற்றத்தில் அடியிலிருந்து தட்டும் சத்தமும் கேட்டது. வேறோர் இடத்தில் இன்ஜினைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். ஒரு சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்கள் இருந்தன. அதன் மேல் ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று மோதிப் பளபளத்திருந்தன. இரண்டாவது ராடின் கேப், அதாவது கிராங்கைச் சுற்றிப் பிடிக்கும் கீழ்ப்பாதி மூடி, மூன்றாவது ராடில் இருந்தது. ராடுக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள ஷெல் பேரிங் ஒருபுறம் மட்டுமே தேய்ந்திருந்தது. பொருள்கள் யாவும் தரமானவை. அளந்து பார்க்காமல் பூட்டியதுதான் பிழை.

மாருதி 800-இன் இன்ஜின் மூன்று சிலிண்டர், 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 72 மி.மீ. கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 100 முறை நின்று திசை திரும்புகிறது. அந்த வேகத்தில், அந்த வெப்பத்தில் ரிங் விரியும் என்பதால்தான் அதன் வாயில் இடைவெளி விடப்படுகிறது. விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு. இந்த இன்ஜினுக்கு அது ஏறத்தாழ 0.27 மி.மீ. வரும். கையேட்டில் அந்த வண்டிக்குக் குறிப்பிட்டிருக்கும் அளவே இறுதியானது. ஆனால் ரிங் பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும் என்று நம்பி நேராக பிஸ்டனில் ஏற்றிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் தலையால் ரிங்கைச் சாய்வில்லாமல் தள்ளி, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை அதன் வாயில் விட்டுப் பார்க்க ஒரு ரிங்குக்கு இரண்டு நிமிடம் ஆகுமா? போர் செய்யாத பழைய சிலிண்டராக இருந்தால், தேய்மானம் மிகக் குறைவாக இருக்கும் அடிப்பகுதியில் வைத்து அளக்க வேண்டும். மேலே அளந்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும், கீழே இறங்கும்போது முனைகள் முட்டிக்கொள்ளும்.

கேப் மாறுவது இதைவிடப் பெரிய தவறு. ராடையும் அதன் கேப்பையும் சேர்த்துப் பிடித்தே தொழிற்சாலையில் துளையைக் கடைகிறார்கள். ஆகவே ஒன்றின் கேப் மற்றொன்றில் பூட்டினால் துளை வட்டமாக நிற்காது. கழற்றுவதற்கு முன்பே எண் குத்தியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அடையாளமிட்டு, அதே ஜோடியாக, அதே திசையில் திரும்பப் பூட்ட வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி இந்த இன்ஜினில் கிராங்க் புல்லிப் பக்கம் பார்க்க வேண்டும். ஷெல் பேரிங்கின் உட்புறத்தில்தான் எண்ணெய் தடவ வேண்டும். ராடோடு ஒட்டும் முதுகுப்புறம் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலான இடைவெளியை அறிய பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய நூல் கிடைக்கிறது. அதைக் கிராங்கின் மேல் அதன் அச்சுக்கு இணையாக வைத்து, கேப்பைச் சரியான முறுக்குவிசையில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமலே கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தை நம்பி இறுக்குவோரை நான் இன்றும் காண்கிறேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிஸ்டனை இறக்கும்போது, போல்ட் ராடிலேயே நிற்கும் இன்ஜின்களில் அதன் மரையில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டிக்கொண்டால் கிராங்கில் கீறல் விழாது. ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதபடி திருப்பி வைத்து, ரிங்குகளைச் சுருக்கிப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸரை இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டி இறக்க வேண்டும். இடையில் தடை தெரிந்தால் ஒரு ரிங் வெளியே நழுவியிருக்கிறது என்று பொருள், அடித்து இறக்கினால் அது உடைந்துவிடும். ஒவ்வொரு பிஸ்டன் பூட்டியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். மூன்றையும் பூட்டிய பிறகு இறுக்கம் தெரிந்தால் எந்த ராடில் தவறு என்று தேட மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற நேரும்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே, கூலி யார் தருவார் என்று பட்டறை நண்பர்கள் கேட்பது நியாயமே. இந்த இன்ஜினில் அளக்க வேண்டிய மேலிரு ரிங்குகள் மொத்தம் ஆறு, ராடு பேரிங்குகள் மூன்று. பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்கான கூலியை பில்லில் தனி வரியாகவே எழுதலாம். காரணம் தெரிந்தால் வண்டிக்காரர் கொடுப்பார். என் உறவினர் இரண்டாம் முறை இன்ஜினை இறக்கியதற்கு ஆன செலவில் அது மிகச் சிறு பங்குதான்.

தாளில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: சிலிண்டர்வாரியாக ரிங் இடைவெளி, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி, ராடு பேரிங் இடைவெளி, கேப்பை இறுக்கிய முறுக்குவிசை. ஒவ்வோர் அளவுக்கும் அருகே கையேட்டின் அளவும், கீழே வேலை செய்தவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். தாங்கள் இசைந்தால் அத்தகைய மாதிரித் தாள் ஒன்றைத் தயாரித்து அனுப்புகிறேன். நாளிதழில் அரைப் பக்க அளவில் அச்சிட்டால் பட்டறைகளில் வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.