மைதானத்தில் நாய்: நேரம் ஒதுக்கினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் மைதானங்களில் நாய்களை அனுமதிக்கலாமா என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் திருநெல்வேலிக்காரன் வெளியூருக்குத்தான் போக வேண்டும். இந்தச் சண்டையில் உங்களுக்கு என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பள்ளி மைதானங்களிலேயே காலத்தைக் கழித்த உடற்கல்வி ஆசிரியன் நான். புல்லும் மணலும் நாயும் சேர்ந்த இடமெல்லாம் வழக்கு ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் கூடவே கூடாது என்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்றை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்: புல். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றியுள்ள பரப்பில் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். அங்கே நாய் சிறுநீர் கழித்தால் அதிலுள்ள நைட்ரஜனும் உப்பும் புல்லைக் கருக்கிவிடும். நடுவே வைக்கோல் நிறத்தில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் மட்டும் புல் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். வயலில் யூரியாவை ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் கழிப்பதால் சேதம் இன்னும் கூடுதல். அந்த வட்டத்தின் மேல் உருளும் பந்து திசைமாறினால் ஆட்டக்காரருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தப் பரப்பில் நாய் கால் வைக்கக் கூடாது, சரி. அதற்காக மைதானம் முழுவதையும் பூட்டுவானேன்?

நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும் என்பதெல்லாம் பெரிய காரணமே அல்ல. நின்ற பந்தை விலங்கு நகர்த்திவிட்டால் அபராதமின்றிப் பழைய இடத்தில் வைத்து ஆடலாம் என்று விளையாட்டு விதியே சொல்கிறது. கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகளே வந்து மேய்கின்றன, ஆட்டம் நின்றுபோகவில்லை. உண்மையில் ஆபத்து நாய்க்குத்தான். தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஒதுங்குங்கள் என்று கத்தினால் மனிதன் தலையைக் குனிந்துகொள்வான், நாய் நிமிர்ந்து பார்க்கும்.

கோல்ஃபின் தாய்வீடாகிய ஸ்காட்லாந்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானம் உலகப் புகழ் பெற்றது. பெரிய போட்டிகள் நடக்கும் நாட்களைத் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதே புல்தரையில் நடக்கிறார்கள். நிலம் ஊருக்குச் சொந்தம் என்பதால் இப்படி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மைதானங்களில் நாயைச் சம்பளமில்லாத வேலையாளாகவே வைத்திருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிப் புல்லைத் தின்று எச்சமிடும் காட்டு வாத்துகளை விரட்ட, பார்டர் கோலி என்ற ஆட்டுநாயைப் பழக்கியிருக்கிறார்கள். ஆட்டுக் கிடைக்குக் காவலாக நாய் வைக்கும் நம் ஊர்க் கீதாரிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தின் வாசலில் ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று பெரிய பலகை. கழுத்துப்பட்டையும் வாருமாக நாயைப் பிடித்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரும் மனிதரை வாட்ச்மேன் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார். உள்ளே போய்ப் பார்த்தால், நீளம் தாண்டும் மணல்குழியில் தெருநாய்கள் பள்ளம் பறித்துப் படுத்திருக்கின்றன! வெயில் காலத்தில் அடிமணல் குளிர்ச்சி என்பது அவற்றுக்குத் தெரியும். படிக்கத் தெரியாததால் பலகை அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை போலும்.

சிரித்துவிட்டுப் போகிற காரியமில்லை இது. நாயின் மலத்தோடு வரும் கொக்கிப்புழு முட்டை ஈரமணலில் பொரிந்து, வெறுங்காலோடு குதிக்கும் பிள்ளையின் தோலுக்குள் புழுவாக நுழையும். தோலுக்கடியில் சிவப்புக் கோடாக நெளிந்து அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு தடவும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு தெருநாய்களைப் பற்றியது. அதைக் காட்டி, வாரில் பிடித்து வரும் வளர்ப்பு நாயை மறிப்பது ஆள்மாறாட்டம்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கூப்பிட்டால் வந்துவிடும், ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நம் தெற்குச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுகிற முயலைக் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனங்கள். அவற்றின் கண்ணுக்கு முன்னால் ஒரு பந்தோ ஐந்து வயதுப் பிள்ளையோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. வாரைக் கையில் பிடித்திருக்க வேண்டும். காகிதமோ பையோ கொண்டுவந்து கழிவை எடுத்துப் போக வேண்டும். இதற்குக் கூச்சப்படுகிறவர் வீட்டு முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மைதான நிர்வாகத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. விடிவதற்கு முன் 5 மணி முதல் 6 மணி வரை, ஓடுதளத்துக்கு வெளியேயுள்ள நடைபாதையில் மட்டும், வாரில் கட்டிய, உரிமமும் தடுப்பூசியும் உள்ள நாய்களை விடலாம். பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவதற்குள் அவை வெளியேறிவிட வேண்டும். சுற்றுச்சுவரின் உடைந்த பகுதியை அடைத்தால் தெருநாய் வரத்து பாதி குறையும். மணல்குழியைப் பயிற்சி முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். தார்ப்பாய்க்குப் பணமில்லை என்று சொன்னால் நடக்க வருகிறவர்களிடமே வசூலித்துவிடலாம். என் பங்கை நாளைக்கே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.