மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம்

அன்பு நண்பா,

உன் இடுப்பு வலிப் புராணத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அதே கதைதான். அதனால்தான் போன மாதம் ஆசன, மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

ஆழ்நிலைத் தியானம் கற்ற நாளிலிருந்து நமக்குக் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம், கண்ணை மூடி மந்திரம், அதோடு சரி. அதைக் கற்றுத்தந்த இயக்கத்திலேயே இந்த வகுப்பும் உண்டு என்று தெரிந்தும் போகவில்லை. "மனசுக்குத்தானே வைத்தியம், முதுகை எதற்கு வளைக்க வேண்டும்?" என்று கேட்டது நீதான்!

இப்போது முதலில் ஆசனம், பிறகு மூச்சு, அப்புறம்தான் தியானம். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் எட்டு அங்க வரிசையும் அப்படித்தான்: ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது, தியானம் ஏழாவது. ஆனால் அவை படிகள் அல்ல, அங்கங்கள், சேர்ந்தே வளர்பவை என்பார் ஆழ்நிலைத் தியானத்தைப் பரப்பிய மகேஷ் யோகி. எப்படியோ, என் முதுகுக்கு இந்த வரிசை ஒத்துக்கொண்டது.

மூச்சுப் பயிற்சி சுலபம்தான். கட்டை விரலால் வலது துளையை மூடி இடதில் மெல்ல விடு, அதிலேயே இழு. பிறகு மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடு, அதிலேயே இழு. ஜலதோஷ நாளில் ஒரு பக்கம் விசில் அடிக்கும், அதைக் கண்டுகொள்ளாதே. ஒருமுறை மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்: இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். ஒரு மந்திரமும் இல்லாமலே இது நடப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

திருமூலர் 16 மாத்திரை (பழைய கால அளவு) மூச்சை இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார். எங்கள் வகுப்பில் அடக்குவதே கிடையாது. நான் சும்மா இருப்பேனா? ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து வீட்டில் தனியாக வேக மூச்சு விட்டேன். இரண்டே நிமிடத்தில் விரல் நுனியெல்லாம் குறுகுறுவென்று மரத்து, தலை சுற்றியது. யோகிகள் சொல்லும் குண்டலினி சக்தி கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன்! கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் அப்படித்தான் ஆகுமாம். நீ ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவன். வேக மூச்சும் வேண்டாம், அடக்குவதும் வேண்டாம்.

அடுத்த நிலை வகுப்புக்கும் அழைக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். தியானத்தின் நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்கும் பழக்கம் போயிற்று, அது போதும் எனக்கு.

நீ சம்மணம் போட்டுச் சிரமப்படாதே, நாற்காலியிலேயே உட்கார். இடுப்புக்கு டாக்டர் என்ன சொன்னார்? அதை மறக்காமல் எழுது.

உன்,
பழைய வகுப்புத் தோழன்