செயலாளரின் ஆண்டறிக்கை: பாத் ஊரும் பரிசுத்த தோமா ஆலயமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கனம் குருவானவர் அவர்களே, நம் தமிழ் ஐக்கியத்தின் அன்பான அங்கத்தினர்களே, எல்லாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

மாதக் கூடுகைகள், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்மஸ் கீதபவனி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு கேட்டுக்கொண்டபடி, இந்த ஆண்டு நாம் சேர்ந்து படித்த விஷயத்தைப் பற்றியே இங்கே அதிகம் சொல்கிறேன். நாம் குடியிருக்கும் அமெரிக்க மாநிலமான வட கரோலினாவில், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த எப்பிஸ்கோப்பல் சபை எப்படி வேர்விட்டது என்று படித்தோம். படித்ததோடு நிற்காமல் பாத் ஊருக்கும் போய்வந்தோம்.

மாநிலத் தலைநகரான ராலேயிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். பாம்லிக்கோ ஆற்றுப் பக்கம் சுமார் 250 பேர் வாழும் சிற்றூர். 1705இல் நகரமாக அறிவிக்கப்பட்ட இதுதான் இந்த மாநிலத்தின் முதல் நகரம். கறுப்புத்தாடி என்ற கடற்கொள்ளையன் 1718இல் இங்கே தங்கியிருந்தான் என்பதால் அவனைத் தேடி வருகிறவர்கள் நிறைய. நாம் போனது ஆலயத்துக்காக.

பரிசுத்த தோமா சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம், 1701இல் உருவானது. ஆலயம் கட்டத் தொடங்கியதோ 1734இல். இடைப்பட்ட காலத்தில் அந்த மக்கள் பட்டது கொஞ்சமல்ல. 1711இல் மட்டும் உள்நாட்டுக் கலகம், காய்ச்சல், டஸ்கரோரா பூர்வகுடிகளோடு போர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அந்தப் போருக்குப் பின்னால் குடியேறிகள் பறித்த நிலம் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அன்று சேகர கமிட்டிக்குத் தலைவரி, அதாவது ஆள்கணக்கில் வரி, விதிக்கும் உரிமையும் இருந்தது. ஆலயத்துக்கே வராத குவேக்கர் என்ற வேறு கிறிஸ்தவப் பிரிவினரும் கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

கட்டடம் வருமுன்பே புத்தகங்கள் வந்துவிட்டன. தாமஸ் பிரே என்ற ஆங்கிலேயக் குருவானவர், புத்தகங்களும் சிறு பிரசுரங்களுமாக ஆயிரத்துக்கு மேல் அனுப்பிவைத்தார். அதுவே இந்தக் குடியேற்றத்தின் முதல் பொது நூலகம். அதைக் காப்பாற்ற 1715இல் தனிச் சட்டமே போட்டார்கள். பெரிய அளவுப் புத்தகத்தை நான்கு மாதத்தில், நடுத்தர அளவை இரண்டு மாதத்தில், சிறியதை ஒரு மாதத்தில் திருப்பித் தர வேண்டும்.

இந்தப் பிரே நமக்கு அந்நியர் அல்ல. 1698இல் எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர்தான். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது அந்தச் சங்கம். அங்கே ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சில் முழுமையானது, பாத் நூலகச் சட்டம் வந்த அதே ஆண்டு. 1701இல் அவர் முயற்சியால் உருவான எஸ்.பி.ஜி. என்ற மிஷனெரிச் சங்கம்தான் பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத், முதலூர், இடையன்குடிப் பக்கம் ஊழியம் செய்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் "நாங்க எஸ்.பி.ஜி. சபை" என்று சொல்வார்களே, அதே சங்கம். அதன் குருமார் பாத்திலும் ஊழியம் செய்தார்கள். இது தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

ஆலயத்துக்குக் கோபுரம் கிடையாது. சாதாரண நீள்சதுரச் செங்கல் கட்டடம், மண் ஓடு பதித்த தரை. நம் பையன் ஒருவன் ஜன்னல் திட்டில் முழங்கை வரை கையை நீட்டிப் பார்த்தான். அதற்கும் அப்பால் சுவர் இருந்தது. இரண்டடிக் கனம்! கட்டுமானம் தொடங்கிய காலத்தில் இருந்த குருவானவர் ஜான் கார்சியா, 1744இல் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் பெயரைச் சொல்லி அங்கேயே ஜெபித்தோம்.

அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பின் அரசு ஆதரவும் வரியும் போயின. வட கரோலினாவுக்கெனத் திருமண்டலம் அமைந்தது 1817இல்தான், முதல் பேராயர் ரேவன்ஸ்கிராஃப்ட் வந்தது 1823இல். அதற்கு முன்பே, 1785இல், மாவட்டத் தலைமையிடம் பாத்திலிருந்து வாஷிங்டன் என்ற பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. வியாபாரமும் அப்படியே நகர்ந்தது. பணம் புரண்ட ஊர்களில் பழைய ஆலயங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். பாத்தில் அதற்கு வசதி இல்லை. மாநிலத்தில் இன்று நிற்கும் ஆலயங்களிலேயே மிகப் பழையது இது என்ற பெருமைக்கு அந்த ஏழ்மையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்துப் பாதுகாத்தார்கள். ஆராதனை இன்றும் நடக்கிறது.

இனி தீர்மானங்கள். அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் நம் தமிழ்ப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கி இரவல் கொடுக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டது. தவணை ஒரு மாதம், தடித்த புத்தகத்துக்கு இரண்டு. பதிவேடு என்னிடம் இருக்கும்.

அடுத்த ஆண்டு ஈடன்டன் ஊரின் பரிசுத்த பவுல் ஆலயத்துக்குப் போகலாம் என்று யோசனை. 1736இல் தொடங்கிய கட்டடம் அது. 1949இல் பழுதுபார்க்கும் வேலைக்காக உள்ளே இருந்த மரவேலைப்பாடுகளைக் கழற்றி வெளியே வைத்திருந்த சமயத்தில் தீப்பிடித்தது. கூரை போயிற்று, சுவர்களும் கழற்றிவைத்தவையும் தப்பின. திரும்பவும் கட்டினார்கள். வேன் ஓட்டித் தர விருப்பமுள்ளவர்கள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்