அக்காவுக்கு, வீட்டை விற்ற பிறகு

அன்புள்ள அக்கா,

மிச்சிகன் ட்ராயில் இருந்த நம் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. காரணங்களை ஃபோனில் பேசித் தீர்த்துவிட்டோம், திரும்ப எழுதவில்லை. "அப்பா இருந்த இடமே இல்லாமல் போகிறது" என்றாயே, அதற்கு மட்டும்தான் இந்தக் கடிதம். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பாவை நான் அந்த வீட்டில் தேடுவதில்லை. ஆப்பிள் சாறு பிழியும் அந்த யேட்ஸ் சைடர் மில்லில்தான் தேடுகிறேன்.

அந்த அக்டோபரில் உன் வகுப்புப் பிள்ளைகளும் அங்கே வந்திருந்தார்கள். அம்மா புளியோதரை டப்பாவைத் திறந்ததும் நீ காருக்குப் போய்விட்டாய். போகும்போது சொன்னதை இங்கே எழுத மாட்டேன். பதினைந்து வயதில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும், அதை விடு. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட நீ எங்களோடு அங்கே வரவில்லையே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ காரில் இருந்தபோது அப்பா என்னைத் தூக்கி, மில் ஓடுவதைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். "சக்கரம் எங்கேப்பா?" என்று கேட்டேன். "தண்ணிக்கு அடியில இருக்கு" என்றார். 1863இல் மாவு மில்லாகத் தொடங்கிய இடமாம். 1876இல் ஆப்பிள் பிழிய ஆரம்பித்து, 1894இல் டர்பைன் என்கிற அந்தச் சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். கிளின்டன் ஆற்றுத் தண்ணீர் அதைச் சுற்ற, அந்த வேகத்திலேயே ஆப்பிள் மேலே ஏறுகிறது, அரைபடுகிறது, பிழிபடுகிறது. அரைத்ததைத் துணியில் மடித்து, மேலே மரச்சட்டம், அதற்கு மேல் இன்னொரு துணி என்று அடுக்கி அழுத்தினார்கள். வடிகட்டாத சாறு பழுப்பாக வழிந்தது. நாள் முழுக்கக் கார் கம்பெனியில் மெஷின் வரைந்த மனுஷர், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க ஊர் செக்கு முன்னாடியும் இப்படித்தான் நிப்பேன்" என்றார். ஊரைப் பற்றி அவராகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அப்புறம் உனக்கென்று ஒரு டோனட் வாங்கினார், பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவியது. சூடு ஆறுவதற்குள் கொடுக்க வேண்டுமென்று காருக்கு வேகமாக நடந்தார். நீ கண்ணாடியை இறக்கவே இல்லை.

மன்னித்துவிடு அக்கா. இத்தனை வருஷம் கழித்து இதை எடுப்பது நியாயமில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவரை வீல்சேரில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனது நான். அந்த வீட்டு வாசலில் பனி அள்ளியதும் நான்தான். வீட்டை வைத்துக்கொள் என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம்.

ஃப்ரிட்ஜில் மறந்துபோய் நுரை கட்டிய சைடரை நாம் இரண்டு பேரும் கராஜில் ஒளிந்து குடித்தோமே, எனக்கு ஏப்பம் வந்ததும் நீ என் வாயைப் பொத்தினாயே. அந்த அக்காதான் எனக்கு வேண்டும். அவளிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டதுதான் எனக்கு வலிக்கிறது. கேட்டிருந்தால் முடிந்திருக்காது.

சாவி கொடுக்கும் வாரம் மில் திறந்திருக்கும். அம்மா வருகிறேன் என்கிறாள், உன் டிக்கெட்டை நான் போடுகிறேன். வர முடியாதென்றால் அதை அம்மாவிடம் நீயே சொல். இந்தத் தடவை உனக்காக நான் சொல்ல மாட்டேன்.

உன் தம்பி