வைகை முகத்துவாரத்து நீரை அளக்கக் கைகொடுத்தவர்களுக்கு

ஆற்றங்கரை, அழகன்குளம் ஆகிய ஊர்களின் மக்களுக்கு எங்கள் குழுவின் நன்றி.

ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் வைகைத் தண்ணீர் பாக் விரிகுடாவுக்கு வரும். மற்ற மாதங்களில் முகத்துவாரத்தில் கிடப்பது உப்புநீரும் ஊர்க் கழிவுநீரும் கலந்து தேங்கிய தண்ணீர். அதைச் சரியாக அளந்து தந்தது நீங்கள்தான்.

வத்தை என்னும் சிறு படகு ஓட்டியவர்களுக்கு முதல் வணக்கம். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், கனமான உப்புத் தண்ணீர் அடியில் தங்கும். மேலே மட்டும் மொண்டால் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சடைத்துக் கிடப்பது தெரியாது. கடல் வற்றும் நேரம் பார்த்து, இன்ஜினைத் தள்ளியே நிறுத்தி, கம்பு ஊன்றிப் போனீர்கள். விசிறி கலக்கிய நீரில் காற்று கலந்து கணக்கு கெட்டுவிடும். மேலிருந்து ஓரடியிலும், தரைச் சேற்றுக்கு அரை மீட்டர் மேலேயும் எடுத்தோம். அளவு சொன்னது உங்கள் கயிற்று முடிச்சு.

கல்லூரி வேதியியல் மாணவர்களே, ஆடும் வத்தையிலேயே 300 மில்லி புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, நீரில் கரைந்த ஆக்சிஜனை அறிய மாங்கனஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு அசைடு 2 மில்லி விட்டீர்கள். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும், கடல்நீர் 6.2தான். குளிக்கும் நீருக்கான குறைந்தபட்ச வரம்பான 5 மில்லிகிராம், நன்னீர் கொள்ளக்கூடியதில் 66 சதவீதம், கடல்நீரில் 81. அதனால் ஒவ்வொரு அளவோடும் உப்புத்தன்மையை எழுதச் சொன்ன உங்கள் பிடிவாதம் பெரிது. அழுக்கை வேதிப்பொருளால் எரித்து அளக்கும் சி.ஓ.டி. சோதனை வேண்டாம் என்றதும் சரியே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு. அந்தச் சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட் அதையும் தின்று, இல்லாத அழுக்கைக் காட்டும். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னச் செலவிடும் ஆக்சிஜனை, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கும் பி.ஓ.டி.யே இங்கே நம்பத்தக்கது. அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் குளிக்க ஆகாது.

ஐஸ் கொடுத்த மீன் ஏலக்கூடத்தாருக்கும் நன்றி. கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் கிருமி) சோதனைக்கான புட்டியை ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க அதுதான் உதவியது. மீன் ஐஸ் உருகிய தண்ணீரிலும் கிருமி இருக்கும் என்று புட்டிகளை இரட்டைப் பையில் கட்டித் தந்த பெண்களை மறக்க மாட்டோம். அந்தக் கோலிஃபார்ம் புட்டியை மட்டும் ஆற்றுநீரால் அலசக் கூடாது.

பொக்லைன் வைத்திருப்பவருக்குத் தனி நன்றி. கழிவு வரும் வாய்க்காலை மறிக்காமல் கறுப்புச் சேற்றைக் கிளறினால், அதிலுள்ள சல்ஃபைடு நீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீன்கள் செத்து மிதக்கும். தூர்வாரலைத் தள்ளி வைக்கச் சம்மதித்தீர்கள், வாடகை போனது உங்களுக்குத்தான். வாய்க்காலில் குப்பை தடுக்கப் பழைய வலை கட்டிய துப்புரவுப் பணியாளர்கள் ஒரு முனையில் உருவு முடிச்சுப் போட்டது அனுபவம்: முதல் வெள்ளத்தில் வலை கிழியாமல் அவிழ்த்துவிடலாம்.

மழை முடிந்து கண்மாயின் உபரிநீர் வழியான கலுங்கு பாயும்போது அதே இடங்களில் மறுபடி எடுக்க வேண்டும். கயிற்று முடிச்சுகளை அவிழ்க்காமல் வைத்திருங்கள்.