டயர் பேச்சும் கிரிக்கெட் பேச்சுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

டீக்கடையில் மேட்ச் பார்க்கிறவர்கள் பத்தே நிமிடத்தில் கார், டயர் என்று எங்கோ போய்விடுகிறார்கள், ரசனை கெட்டுவிட்டது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் ஊர் கிரிக்கெட்டையும் டயரையும் பிரித்துவிட முடியுமா? 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப் டயர் நிறுவனம். அந்த நிறுவனம் 1987-ல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைச் சென்னைக்கு அழைத்துவந்து வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே பயிற்சி பெற்றவர்கள். சச்சின் மட்டையில் அதே பெயரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது இந்திய அணியின் சட்டையிலேயே அப்போலோ டயர்ஸ் என்று இருக்கிறது. பேச்சு அந்தப் பக்கம் போகாமல் எங்கே போகும்?

போன வருடம் ஒரு மாலை, டிவியில் ஆட்டம் மழையால் நின்றிருந்தது. சச்சின் மட்டையில் ஆரம்பித்த பேச்சு மெல்ல டயருக்கு வந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "டயருக்கும் பிறந்த தேதி இருக்கு தம்பி, பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் அது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று மாதம் முன்பு "புதுசு" என்று வாங்கிய இரண்டு டயர்களிலும் 1118 என்று இருந்தது. 2018-ன் பதினோராவது வாரம்! தரையில் பதியும் மேடுகளான பட்டன் எல்லாம் கொஞ்சமும் தேயாமல் பளபளவென்று இருந்ததால் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். அந்தப் பொங்கலுக்குக் குழந்தைகளோடு திருநெல்வேலி வரை அதே டயர்களில் போவதாக இருந்தோம். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கடைக்காரரிடம் இரண்டு நாள் வாதாடி மாற்றி வாங்கினேன்.

பட்டன் தேய்ந்து அதன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கார் டயரை மாற்றியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஐந்து வருடம் தாண்டினால் வருடந்தோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அந்த மழை நாளில்தான் தெரிந்தது.

இன்னொன்று. என் பில்லில் டயரின் அளவு இருந்தது, விலை இருந்தது, வரி இருந்தது. அந்த நான்கு எண்கள் இல்லை. அவற்றையும் பில்லில் எழுதித் தர வேண்டும் என்று தங்கள் இதழ் குரல் கொடுக்க வேண்டும். விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் போட்டாலும் சரி, எங்கள் டீக்கடையில் எல்லாரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

தங்கள் வாசகர்,
கிழக்குத் தாம்பரம்.