மேல் தட்டிலிருந்து இறக்கிய பெட்டிகள்

அன்புள்ள கண்ணா,

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், நீ எடுத்தால்தானே. சரி, மீட்டிங்கில் இருந்திருப்பாய். மூன்று வாரமாகவா என்று கேட்கமாட்டேன். நேரம் கிடைக்கும்போது படி, ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்றில்லை.

விஷயம் இதுதான். அப்பா அறையில் கூரை ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, அலமாரியைக் காலி செய்தால்தான் கை வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார். அதனால் மேல் தட்டில் இருந்த அப்பாவின் போர்டு கேம் பெட்டிகள் எல்லாம் இப்போது டைனிங் டேபிளில். (ஸ்டூலில் நான் ஏறவில்லை, பக்கத்து வீட்டுப் பையன்தான் இறக்கிக் கொடுத்தான், உடனே தங்கைக்குப் போன் போட்டு என்னைத் திட்டச் சொல்லாதே.) போன சனிக்கிழமை ஒருவர் வந்து பார்த்தார், அப்பாவுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். ஒவ்வொரு பெட்டியையும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கினார், ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். உனக்கு எது வேண்டும் என்று கேட்காமல் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஓகர் அந்த ஜிப் பையிலேயே இருக்கிறது. 1977ல் ஆஸ்டினிலேயே இருந்த மெட்டாகேமிங் கம்பெனி போட்டது, அடுத்த வருஷம் அப்பா மெட்ராஸிலிருந்து படிக்க வந்து இறங்கினார், 2 டாலர் 95 சென்ட் கொடுத்து வாங்கினார். அந்தக் காசுக்கு முட்டை வாங்கியிருக்கலாம் என்று கல்யாணமான புதிதில் அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார், ஆனால் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்திருக்கமாட்டார். காய்கள் எல்லாம் மெல்லிய அட்டை, நாமேதான் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்பா வெட்டிய லட்சணம் உனக்குத் தெரியும், பாதி டாங்கிகளுக்கு ஒரு பக்கம் தாராளம், மறுபக்கம் நம்பரையே காணோம். 1990ல் சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் ஓகரை உருவாக்கிய ஸ்டீவ் ஜாக்சனின் கம்பெனிக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்தச் செய்தியையும் வெட்டி அதே பைக்குள் மடித்து வைத்திருக்கிறார். அதை மட்டும் நேராக வெட்டியிருக்கிறார்.

அதில் மார்க் ஃபைவ் ஓகர் என்றால் அவருக்கு உயிர். உள்ளே ஆளே இல்லாத டாங்கி, 2 பெரிய பீரங்கி, 6 சின்னது, 6 ஏவுகணை, அது நகர்வதற்கு 60 டிரெட், அதாவது சக்கரப் பட்டை. எதிரே நீயும் நானும், இருபது வண்டியும் காலாட்படையும் வைத்துக்கொண்டு. நீ ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய பீரங்கியைத்தான் குறி வைப்பாய், நான் உன் காதில் டிரெட்டைச் சுடு, டிரெட்டைச் சுடு என்பேன். அது அலுப்பான வேலைதான். எவ்வளவு பெரிய ஹோவிட்ஸர் பீரங்கியானாலும் டிரெட்டை அடிக்கப் பகடையில் 5 அல்லது 6 விழ வேண்டும். ஆனால் இருபது போனால் மூன்று கட்டம் நகர்வது இரண்டாகும், இன்னொரு இருபது போனால் ஒன்று, அறுபதும் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நின்ற பிறகும் அது சுடும், அதுதான் எனக்கு எரிச்சல். அப்பாவும் கடைசி ஆறு மாதம் அப்படித்தான், கட்டிலில் இருந்தபடியே என்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர்க் குளிருக்குத் தலை காய்ந்து போகும்.

எனக்குப் பிடித்தது ட்ரைபிளானட்டரிதான், அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, நீ கேட்டால் யோசிப்பேன். 1973ல் வந்தது, இல்லினாயில் நார்மல் என்ற ஊரில் இருந்த கம்பெனி போட்டது. ஊரின் பெயர் நார்மல், அங்கே உட்கார்ந்து விண்வெளிச் சண்டை யோசித்திருக்கிறார்கள். பிஎஸ்சி பிசிக்ஸ் முடித்துவிட்டு இங்கே வந்து மோர்க்குழம்பு வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரைபடத்தை அப்பா விரித்துக் காட்டிய ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. கப்பல் போன பாதையை கிரீஸ் பென்சிலால் கோடு போட வேண்டும். போன முறை எந்தப் பக்கம் எத்தனை கட்டம் போனதோ, இந்த முறையும் அதே பக்கம், அதே தூரம். நியூட்டன் சொன்னது அப்படியே. மாற்ற வேண்டுமா, ஒரு கட்டத்துக்கு ஒரு எரிபொருள். நிறுத்துவதற்கும் அதே கணக்கு. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, கிளம்பும்போது எரித்த அளவு நிற்கும்போதும் எரிக்க வேண்டும்.

நீ பத்து வயதில் அதில் கிராண்ட் டூர் ஆடினாய், கிரகங்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டிய பந்தயம். எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு போனாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை, அப்புறம் பார்த்தால் வியாழன் பக்கத்தில் உன்னிடம் சொட்டு எரிபொருள் இல்லை. மேப்பின் விளிம்பைத் தாண்டி நேராகப் போய்விட்டாய். அழவில்லை. உதவி கேட்கவும் இல்லை. கோட்டை மேஜை விரிப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாய்.

அதனால்தான் சொல்கிறேன், முன்கூட்டியே பிரேக் போடு. வேலை மாறுவதானாலும் சரி, வீடு மாறுவதானாலும் சரி. வீடு மாறுவது என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. போன மாதம் வீடியோவில் உனக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தது. உங்கள் வீட்டு ஹாலுக்குப் பச்சைதானே, அவளே நின்று அடித்தாளே. ஹோட்டலாக இருக்கும். பாப்பாவைக் கூப்பிடு என்றேன், தூங்குகிறாள் என்றாய், அப்போது உங்கள் ஊரில் சாயங்காலம் ஐந்து மணி. சரி, குழந்தைகள் தூங்கும். அவளையும் கேட்டதாகச் சொல்.

டாம் வாம் போட்ட அந்தப் பச்சைப் பிசாசு ஆட்டமும் இருக்கிறது, 1979ல் டிராகன் பத்திரிகையோடு வந்தது. எட்டு வயதில் நீ விழுந்து விழுந்து சிரித்தது அதற்குத்தான். எந்த ஆயுதம் என்ன செய்யும் என்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். தீயணைக்கும் சிலிண்டரை அடித்தால் பிசாசு சாகலாம், ஒன்றும் ஆகாமல் போகலாம், வளர்ந்து இன்னும் பெரிதாகவும் ஆகலாம். உன்னிடம் ஏதாவது கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த சிலிண்டர் ஞாபகம்தான் வருகிறது.

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் பெட்டி ஓரம் கிழிந்திருக்கிறது, 1976, அவலான் ஹில் கம்பெனி போட்டது, அதற்கு வாங்க வந்தவர் நல்ல விலை சொல்லவில்லை. உள்ளே எதிரிப் பூச்சிகளின் சுரங்கத்தை ரகசியமாக வரைந்துகொள்ளும் தாள்கள் ஒரு கத்தை. அதில் ஒன்று உன் கையெழுத்து. பக்கம் முழுக்கச் சுரங்கம், வெளியே வர ஒரு வழிகூட வைக்கவில்லை நீ. எப்படியடா ஜெயிக்க நினைத்தாய்?

நீ வாங்கிக் கொடுத்த பெரிய ஓகர் கீழேயே இருக்கிறது, அதை யாராலும் மேலே தூக்க முடியவில்லை. 2012ல் அதைப் போட கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 9 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்ததே, அப்போது நீ 100 டாலர் கட்டியது. வந்தபோது 12 கிலோவுக்கு மேல், தபால்காரர் திட்டிக்கொண்டே வைத்தார். உன் பேட்டன்ட் தாளை ஃபிரேம் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய மனுஷர், இதற்கு மட்டும் உன்னிடம் "ரெண்டு தொண்ணூத்தஞ்சுக்கு வாங்கினதுடா" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டார். ஆனால் நீ ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து, அட்டை ஓகர்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கோத்து நிறுத்தினார். இரண்டு நாள் ஆனது. உன்னிடம் சொல்லாதே என்றார். நீ அடுத்த தடவை வந்தபோது லேப்டாப்பிலேயே இருந்தாய், ஆபரேஷன் அன்றுகூட. நான் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை கண்ணா. இந்தக் கடிதத்தை ஆரம்பித்தது கூரைக்காக இல்லை.

1995ல் அந்த மார்க் ஃபைவ் அட்டை காணாமல் போனதே, அப்பா சிவப்பு மையில் பொட்டு வைத்திருந்தது. வேறு அட்டையை வைத்து ஆடியிருக்கலாம், அவருக்கு அதுதான் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை உன் ஸ்கூல் பையில் இரண்டு ஜெவ் அட்டை, அந்த ஹோவர்கிராஃப்ட் வண்டிகள், கிடைத்ததை வைத்துக்கொண்டு, நீதான் எடுத்தாய் என்று முடிவே கட்டிவிட்டார். நீ எடுக்கவில்லை என்றாய். பொய்யனோடு உட்கார்ந்து ஆடமாட்டேன் என்றார். நான் அடுப்படியில் இருந்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வாக்குவம் கிளீனர் பையைக் கொட்டும்போது தூசிக்குள் அந்தச் சிவப்புப் பொட்டு தெரிந்தது. மேஜைக்கு அடியில் பெருக்கியதில் நான்தான் உறிஞ்சிவிட்டிருக்கிறேன். எடுத்துத் துடைத்தேன், ஒரு மூலை மடிந்திருந்தது. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் சொல்லவில்லை. அப்பா கத்துவார் என்று பயம் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் என்னவென்றால், அந்த வாரம் டைனிங் டேபிள் காலியாக இருந்தது, எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சனி ஞாயிறு வந்தால் சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் இல்லாமல் இருந்த வீட்டில் நான் முதல் தடவையாக விரிப்பைத் துவைத்துப் போட்டேன். நான்கு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் அப்புறம் அந்த ஆட்டத்தை எடுக்கவே இல்லை.

வளையல் பெட்டியில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவர் திடீரென்று, "அந்தப் பய அதை எதுக்குத்தான் எடுத்தான்" என்று சிரித்தார், கோபமெல்லாம் எப்போதோ போயிருந்தது. அப்போதும் நான் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

நீ அன்றைக்கு எடுக்கவில்லை என்று நான்கு தடவை சொன்னாய், நான் எண்ணினேன். அதற்கப்புறம் நீ எதையுமே இரண்டாம் தடவை சொல்லி நான் கேட்டதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

அட்டையை இதோடு வைத்து அனுப்ப நினைத்தேன், தபாலில் தொலைந்தால் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. இங்கே வந்து எடுத்துக்கொள்.

அந்த ஆள் வருகிற சனிக்கிழமை மறுபடி வருகிறார். வெள்ளிக்குள் ஒரு வரி போடு. பதில் வராவிட்டால் எதையும் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிடுவேன். டேபிளைக் காலி செய்யவில்லை, நான் சமையலறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன். மாடி அறைக்கு வேறு பெட்ஷீட் போட்டிருக்கிறேன். பாப்பாவோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, எத்தனை நாள் என்று நான் கேட்கப்போவதில்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

அன்புடன்,
அம்மா